தம்பி, செயின பாத்தியாய்யா

தம்பி, நல்லா இருக்கியா. போன் அடிச்சேன், நீ எடுக்கல, வேலயா இருக்கும்னு விட்டுட்டேன். வாட்சப்ல ப்ளூ டிக் விழுது, பதில்தான் இல்ல. மாசாய்ல இருக்குற சின்னம்மா பேசினா, என்னென்னமோ சொன்னா, அத நான் இப்ப கேக்க வரல. இது மோட்டர்சைக்கிள் விஷயம்.

நம்ம இஎக்ஸ்ஃபைவ் மோட்டருக்கு செயினும், அது ஓடுற ரெண்டு பல்சக்கரம், அதான் ஸ்பிராக்கெட்டும் ஞாயித்துக்கிழம வீட்லயே மாத்தியாச்சு. நான்தான் மாத்தினேன். அப்பா காலுக்கு கட்டு மாத்திட்டு நாற்காலிய வாசல்ல இழுத்து போட்டு உக்காந்துகிட்டாரு, அவர் சொல்ல சொல்ல நான் கழட்டினேன். எதிர்வீட்டு அக்கா மோட்டர் ரிப்பேர் பண்ற ஃபோமன்கிட்ட குடுக்க வேண்டியதுதானேன்னு கேட்டாங்க, அப்பாவுக்கு வந்துச்சே கோவம், தோட்டத்து வொர்க்‌ஷாப்ல டிராக்டரயே பிரிச்சு கோத்த மனுசன்கிட்ட போய் கேக்குற கேள்வியா அது.

பால் வெட்ட போற மண்ரோட்ல கொஞ்ச நாளாவே டக்கு டக்குன்னு சத்தம். செயின் கவர கழட்டி பாத்தா பின்னாடி பல்லெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கூரா நிக்குது. பின் ஸ்பிராக்கெட்டோட கடசில செயின விரலால பிடிச்சு பின்பக்கமா இழுக்க சொன்னாரு அப்பா, பாதி பல்லு தெரியுற அளவுக்கு தூக்கிகிட்டு வருது. அப்படி வந்தா செயின் கத முடிஞ்சுதாம். ஸ்பிராக்கெட்ட மட்டும் மாத்திட்டு பழைய செயினயே போட்டா அது புது பல்லயும் தின்னுரும், மூணயும் சேத்துதான் மாத்தணும். பசார் பக்கத்து தவுக்கே கடையில 70 வெள்ளிக்கு செட்டா வாங்கிட்டு வந்தேன். 420, 428னு செயின் சைஸ் ரெண்டும் பாக்க ஒன்னு மாதிரியே இருக்கு, அகலம்தான் வேற, பழசயும் கையோட எடுத்துட்டு போ.

உன் வைசூக்கு மோட்டர்ல செயினுக்கு கவரே கெடயாது. மழ, மண்ணு, தண்ணி எல்லாம் நேரா செயின்லதான் அடிக்கும், நீயோ விடியறதுக்கு முன்னாடி பாலத்த தாண்டி சிங்கப்பூர் போய்ட்டு இருட்டுனப்புறம் திரும்பி வர்ற, எப்பய்யா கடசியா குனிஞ்சு பாத்த? பாசிர் கூடாங் ஹைவேல கண்டெய்னர் லோரி நடுவுல செயின் அத்துகிட்டா என்ன ஆகும், அத்த செயின் சுருட்டிகிட்டு சிக்குச்சுன்னா பின் டயர் அப்படியே லாக் ஆயிரும். போன வருசம் வேகம் வேணும்னு பின்னாடி பல்லு கொறஞ்சத மாட்டின, பிக்கப் போயிரும்னு அப்பா அப்பவே சொன்னாரு. நீ கேக்கல.

கழட்டறது பெருசில்ல தம்பி, திரும்ப மாட்றதுலதான் எல்லாம் இருக்கு. பின் ஸ்பிராக்கெட் நட்டெல்லாம் சக்கரம் வண்டில இருக்கும்போதே, பிரேக்க மிதிச்சுகிட்டு, லேசா லூசாக்கி வச்சிக்கணும். சக்கரத்து நடு கம்பி, அந்த ஆக்சில உருவினேன், ஒரு சின்ன இரும்பு குழாய் கீழ விழுந்து உருண்டு பூச்சட்டிக்கு அடில போயிருச்சு. அது இல்லாம மாட்டினா சக்கரம் சரியா உக்காராதாம், துளசி சட்டிய நகத்தி தேடி எடுத்தேன். நீ ஒவ்வொன்னா பேப்பர்ல வரிசயா வை, கழட்டும்போதே படம் எடுத்துக்க. உன்னோடது டிஸ்க் பிரேக், சக்கரம் வெளிய இருக்கும்போது மறந்தும் பிரேக்க மிதிச்சிராத, டிஸ்க்க கவ்வுற பேட் ரெண்டும் நெருங்கிரும், அப்புறம் டிஸ்க் உள்ள போகாது.

செயின் முனை ரெண்டையும் பூட்டுற கிளிப் ஒரு மீன் மாதிரி இருக்கும், செயின் ஓடுற பக்கம் மூடின தல, பின்னாடி பிளந்த வாலு. மாத்தி போட்டா எதுலயாவது பட்டு தெறிச்சு போயிரும். ஆக்சிலுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற அளவு கோடு ஒரே எடத்துல நிக்கணும். நடுவுல கீழ்ச்செயின தூக்கினா 3 சென்டிமீட்டர் ஆடணும், சக்கரத்த சுத்தி சுத்தி நாலு எடத்துல பாக்கணும், ரொம்ப டைட்டா வச்சா பேரிங் போயிரும். கடசில ஆக்சில் நட்டு. அத ரெண்டு கையும் போட்டு நல்லா இறுக்கணும்யா, ஒரு கையால முடியவே முடியாது.

அதனால நீ இப்ப எதயும் கழட்டாத. ஃபோமன்கிட்டயே குடுத்துரு, காசு நான் அனுப்புறேன். கிளினிக் போனியா? எம்சி லீவு எடுத்தா சம்பளத்த வெட்டுவாங்களா? வலது கைல கட்டுன்னா த்ரோட்டில எப்படி பிடிக்கிற, பஸ்லதான போற, சொல்லு.

நீ சொல்லலன்னு கோவம் இல்ல. கோவம்தான், ஆனா அது போகட்டும். தங்கச்சி காலேஜ் பீஸ் மாசம் தவறாம வருது, கோயில்ல யார் கேட்டாலும் என் பையன் கட்டுறான்னு அப்பா வாய் நெறய சொல்றாரு. அந்த காசுக்காக உடம்ப மறச்சு வைப்பியா? தைப்பூசத்துக்கு கல்லுமலை முருகன் கோயிலுக்கு வர்றேன்னு சொன்ன, வரல, அப்பவும் நான் ஒன்னும் கேக்கல, எனக்கு தெரிஞ்சா நான் பஸ் ஏறி வந்துருவேன்னுதான் நீ பயப்படுற. ஆமா, வருவேன். அப்பாவ உன் அக்கா வந்து பாத்துக்குவா.

அப்பா உன்கிட்ட பேசலன்னு நெனைக்காத, இத எழுத சொன்னதே அவர்தான். வண்டி எந்த பக்கம் விழுந்துச்சு, செயினா டயரான்னு கேக்குறாரு. ஸ்பிராக்கெட் பல்லு தெரியுற மாதிரி கிட்ட வச்சு ஒரு படம் அனுப்பு. கையயும் ஒரு படம். சின்னம்மாவ திட்டாத, நான்தான் நோண்டி நோண்டி கேட்டேன்.

அம்மா