மணி அடித்தால் யார் வருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும் கருவிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கருவி எதற்கு என்று தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். நாலு வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொள்கிற எனக்கு அதில் ஒன்று விட்டுப்போனதாகப் பட்டது. மணி அடித்தால் யார் வருவது?

அம்மாவுக்கு 81 வயது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பொத்தான் வெளியே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமோ என்று கழற்றி வைத்திருக்கிறார். அது நனைந்தாலும் ஒன்றும் ஆகாத கருவி. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. இன்றும் மனதை உறுத்துகிறது. நான் வந்து பார்க்கும்வரை முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் எழ முடியாமல் நெடுநேரம் கிடப்பதே ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். உடல் எடை அழுத்தித் தசை சிதைந்தால் அது சிறுநீரகம் வரை பாதிக்குமாம்.

அப்புறம் தேடிப் படித்தேன். கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியாகியிருக்கிறது. விழுந்து நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. சரி, விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் வாங்கலாம் என்றால், அது வேகமாக விழுவதையும் தரையில் மோதும் அதிர்வையும் வைத்துத்தான் கணிக்கிறது. நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குத் தெரியாமல் போகலாம்.

இப்போது எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். பொத்தானை அழுத்தினால் முதலில் எனக்கு அழைப்பு வரும். நான் எடுக்காவிட்டால் தம்பிக்கு. அவனும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை அம்மாவே அழுத்திப் பார்ப்பார். படுக்கையைவிட்டு எழுந்தால் ஒலி எழுப்ப, கட்டிலில் விரிக்கும் உணரி (சென்சார்) மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அம்மா புரண்டு படுத்தாலே அலறியது. பத்து நாளில் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழாமலே போக ஆரம்பித்தது. பயந்துபோய் எடுத்துவிட்டோம்.

விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரையும் அப்படியே நம்பிவிட முடியாது. விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டும். கறுத்த தோலில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. எந்த எண்ணுக்குக் கீழே போனால் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

கேமரா வைக்கலாம் என்றான் தம்பி. "என் அறையில் நான் சேலை மாற்றுவதை யார் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார் அம்மா. அதோடு அந்தப் பேச்சை விட்டோம். நடமாட்டத்தை மட்டும் அறியும் சின்ன உணரியை நடையில் வைக்கச் சம்மதித்தார். காலை எட்டு மணிக்குள் அவர் அந்தப் பக்கம் வரவில்லையென்றால் என் செல்போனுக்குத் தகவல் வரும்.

அடுத்தமுறை இதைப் பற்றி எழுதும்போது, இந்தக் கருவிகளை உடம்பில் மாட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நாலு பேரிடமும் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி