செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: அளிந்த பழமும் வீட்டுத் தோட்டமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். விதைப் பரிமாற்றம் ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் வழக்கம்போல் நடந்தது. ஆகவே, மாதக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். அளிந்த பழத்தைச் செடிக்கு எப்படிக் கொடுப்பது? திருச்சிக்காரர்களுக்கு இது வருஷம் முழுக்க உள்ள கேள்வி. ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் எல்லார் வீட்டிலும் பூவன் சீப்பு கறுத்துக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் மாம்பழம்.

பழத்தை அப்படியே தொட்டியில் புதைக்க வேண்டாம். 100 கிராம் வாழைப்பழத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஏறக்குறைய 360 மில்லிகிராம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதில் பாதிகூட இல்லை. ஆனால் சர்க்கரை 12 கிராமுக்குக் குறையாது. அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பழம் போட்ட பத்து, பதினைந்து நாளில் அடி இலை வெளுப்பது பெரும்பாலும் இதனால்தான். குரோ பேக் எனும் செடிப் பையில் காற்றோட்டமும் குறைவு என்பதால் பழம் புளித்துச் சூடேறி வேரையும் அழுக வைக்கும். தரையில் தோட்டம் உள்ளவர்கள் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழத்தில், காய்ந்த சருகோடு கலந்து புதைக்கலாம். மேலாகப் புதைத்தால் பெருச்சாளி தோண்டிவிடும்.

எந்த முறைக்கும் முன்னால் பழத்தைத் தரம் பிரித்தே ஆக வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மா, கொய்யாவின் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மெத்தென்று பழுப்பு வட்டமும் இருந்தால் பிளந்து பாருங்கள். வெண்ணிறப் புழு தலையையும் வாலையும் சேர்த்து வளைந்து சட்டெனத் துள்ளினால் அது பழ ஈயின் புழு. உரக்குழியில் போட்டால் அங்கேயே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவந்து அடுத்த காய்ப்பைக் கெடுக்கும். இத்தகைய பழங்களைத் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பத்து நாள் நல்ல வெயிலில் போட்டு, புழு செத்ததைப் பார்த்த பிறகே உரத்தில் சேர்க்கவும். மரத்தடியில் விழுந்ததை அன்றாடம் பொறுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். பழக்கூடையைச் சுற்றும் சின்னக் கொசு போன்ற ஈ வேறு. அதனால் காய்க்குக் கெடுதல் இல்லை.

முதல் முறை பழக்கரைசல், அதாவது பழத்தைச் சர்க்கரையோடு புளிக்கவைத்து வடிக்கும் சாறு. இதற்கு வாழை, பப்பாளி, மா, சப்போட்டா எதுவும் ஆகும். எலுமிச்சை, சாத்துக்குடி வேண்டாம். ஒரு கிலோ பழத்தை நறுக்கி, ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரையுடன் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் வாளியில் இடவும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் நுரைத்துப் பொங்கும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. பருத்தித் துணியால் வாய்கட்டி நிழலில் வைத்தால் 7 முதல் 10 நாளில் சாறு பிரியும். திருகுமூடி போட்டு இறுக்கிவிட்டால் வாயு சேர்ந்து கேன் வெடிக்கும். வடித்த பிறகும் சில நாள் மூடியைத் தளர்த்தியே வையுங்கள்.

மூக்குதான் இதற்கு அளவுகோல். கள் வாசனையோ இனிப்பு கலந்த புளிப்போ வந்தால் சரி. மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கறுப்பு, பச்சைப் பூசணமோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் மொத்தமும் உரக்குழிக்குப் போக வேண்டியதுதான். சர்க்கரையில் கஞ்சத்தனம் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 மில்லி. பூ வைத்தது முதல் காய் திரளும் வரை, பத்து நாளுக்கு ஒருமுறை, மாலையில் தெளிக்கவும். இலை விடும் பருவத்தில் இதனால் பெரிய பயன் இல்லை. இந்த ஆண்டு அதிகம் நேர்ந்த தவறு, பஞ்சகவ்யா அளவில் இதை ஊற்றியதுதான். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவிலும் 12 பூவன் பழம் சேர்கிறது, ஆனால் அது சாணமும் கோமியமும் சேர்ந்தது. அதை லிட்டருக்கு 30 மில்லி கலக்கலாம். பழக்கரைசலை அந்த அளவில் தெளித்தால் இலை பிசுபிசுத்து, எறும்பு ஏறி, கரும்பூசணம் படரும்.

வடித்த சக்கை, மீந்த பழம், தோல் எல்லாம் மக்கு உரத்துக்கு. ஒரு வாளி பழத்துக்கு இரண்டு முதல் மூன்று வாளி காய்ந்த சருகு, இரண்டு கைப்பிடி பழைய உரம். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. தட்டையான பழுப்புப் புழு நெளிந்தால் பதற வேண்டாம், அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். மண்புழுத் தொட்டி வைத்திருப்போர் பழத்தைக் குறைவாக, மெல்லப் பரப்பியே போடவும். குவித்தால் புளித்து, மண்புழு தொட்டியைவிட்டு ஏறி ஓடும்.

எலுமிச்சை வகைத் தோல்களுக்கு 3 பங்கு தோல், 1 பங்கு வெல்லம், 10 பங்கு தண்ணீர் என்று மூன்று மாதம் ஊறும் நொதிக் கரைசல் இருக்கிறது. என் கருத்தில் அது செடியைவிடத் தரை துடைக்கத்தான் உகந்தது.

வரும் ஆண்டில் பழ ஈப் பொறி கட்டும் செய்முறை நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. மா, கொய்யாவுக்கு மெத்தில் யூஜினால், பாகல், புடல், பீர்க்குக்குக் கியூலூர் என இரண்டு கவர்ச்சிப் பொருள்களையும் சங்கம் வாங்கித் தரும். ஆளுக்கு இரண்டு காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கட்டுக்கம்பி கொண்டு வாருங்கள்.

இவண்,
செயலாளர்