பேஸ்பாலின் மாற்றுப் பந்தடிப்பாளர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டத்தின் நடுவே களமிறங்கி வெற்றி தேடித் தந்த மாற்று ஆட்டக்காரர்கள் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். 1999 சாம்பியன்ஸ் லீக் காற்பந்து இறுதியாட்டத்தில் சோல்ஷார் போட்ட கோலும் ஐபிஎல்லின் ‘இம்பேக்ட்’ ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். பேஸ்பால் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைச் சொல்லவே எழுதுகிறேன்.

சோல்ஷாருக்குப் பத்து நிமிடமாவது ஓடிப் பழக நேரம் இருந்தது. பேஸ்பாலில் ‘பிஞ்ச் ஹிட்டர்’ எனப்படும் மாற்றுப் பந்தடிப்பாளர் இரண்டு மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டம் இழுபறியில் நிற்கும்போது மட்டையுடன் எழுந்து வருகிறார். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வரும். மூன்று பந்துகளில் கதை முடிந்துவிடலாம். நாள்தோறும் ஆடுகிற நல்ல பந்தடிப்பாளரே பத்தில் மூன்று முறைதான் ‘ஹிட்’ எடுக்கிறார், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டுகிறார் என்றால், இவருடைய வேலை எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் பெரிய லீகுகளில் எண்ணிக்கையில் முதலிடம் லெனி ஹாரிஸுக்கு: மாற்று வீரராக வந்து 212 ஹிட். 2001இல் மேனி மோட்டாவின் 150ஐ அவர் தாண்டினார். ஆனாலும் என் மனத்தில் மோட்டாதான் முதல்வர். டொமினிகன் குடியரசிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஆடிய அவர், இந்தப் பணியில் மட்டும் ஏறக்குறைய .300 சராசரி, அதாவது பத்துக்கு மூன்று ஹிட், வைத்திருந்தார். ஹாரிஸின் சராசரி அதைவிடக் குறைவு. பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் கணக்கில், அங்கே முதலிடம் கனடாவின் மேட் ஸ்டேர்ஸுக்கு, 23.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரில், 1954இல் ஜயண்ட்ஸ் அணியின் டஸ்டி ரோட்ஸ் செய்ததை இன்னும் நம்ப முடியவில்லை. அந்தப் பருவத்தில் 111 ஆட்டங்களை வென்று வந்த கிளீவ்லேண்டுக்கு எதிராக, முதல் மூன்று ஆட்டங்களிலும் மான்டி இர்வின் என்ற பெரிய வீரருக்குப் பதிலாக இறக்கப்பட்டார். மூன்று முறையும் அடித்தார். முதல் ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் ஆட்டத்தையே முடித்தது. ஜயண்ட்ஸ் அணி நான்குக்கு நான்கு வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

1988 உலகத் தொடரில் டாட்ஜர்ஸின் கர்க் கிப்சன் இரண்டு கால்களிலும் காயத்தோடு நொண்டியபடி வந்து, ஓக்லண்ட் பந்து வீச்சாளர் டெனிஸ் எக்கர்ஸ்லியின் பந்தை ஹோம் ரனாக அடித்துத் தூக்கியதைப் பலரும் வீரத்தின் கதையாகச் சொல்வார்கள். வீரம் பாதிதான். மூன்று பால் (தவறான வீச்சு), இரண்டு ஸ்டிரைக் (பந்தடிப்பாளர் தவறவிட்ட வீச்சு) என்று வந்தால் இடக்கைப் பந்தடிப்பாளருக்கு எக்கர்ஸ்லி வெளியிலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடர் போடுவார் என்று எதிரணியை ஆராயும் டாட்ஜர்ஸின் வேவாளர் மெல் டிடியே முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அதே எண்ணிக்கை வந்தது, அதே பந்து வந்தது, கிப்சன் தயாராக இருந்தார்.

இந்த வித்தையை யாரையும்விட ஆழமாகக் கற்றவர் ஜப்பானின் யாசுஹிரோ தக்காய். ஹான்கியூ பிரேவ்ஸ் அணிக்காக மாற்று வீரராக வந்து 27 ஹோம் ரன் அடித்தார். ஸ்டேர்ஸால்கூட அதை எட்ட முடியவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எதிரணிப் பந்து வீச்சாளர்களின் சின்னச் சின்ன அசைவுகளைக் கவனித்து, எந்த அசைவுக்கு எந்தப் பந்து வரும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் அவர்.

இவர்களைப் பற்றி இப்போதே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பந்து வீச்சாளருக்குப் பதில் நிரந்தரமாக ஒருவர் மட்டை பிடிக்கும் விதி, அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1973இல் வந்தது. 2022 முதல் மற்றொன்றான நேஷனல் லீகிலும் நிலைத்துவிட்டது. ஜப்பானின் சென்ட்ரல் லீகும் 2027 முதல் ஏற்க முடிவு செய்துள்ளது. மட்டை பிடிப்பதில் பலவீனமான பந்து வீச்சாளரின் முறை வரும்போது மாற்று வீரரை இறக்கும் தேவையே போய்விட்டது. ஹாரிஸின் 212ஐ இனி யாரும் நெருங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், பள்ளி சாஃப்ட்பால் குழுவில் மாற்று ஆட்டக்காரர். “பாவம், உன்னைக் கூப்பிடவே இல்லையா?” என்று பெற்றோர் சிலர் அவளிடமே கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் அந்தப் பரிதாபம் பிள்ளையின் தோளைச் சுருங்க வைக்கிறது. தக்காயின் கதையைச் சொன்னதிலிருந்து அவளும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். எதிரணிப் பெண் பந்தை வீசுமுன் மணிக்கட்டை எப்படித் திருப்புகிறாள் என்று படம் போட்டு எழுதுகிறாள். இரவு உணவின்போது எனக்கும் பாடம் நடக்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அக்டோபரில் உலகத் தொடர் ஆட்டங்கள் நமக்குச் சிங்கப்பூரில் காலை எட்டு மணியளவில் தொடங்கும். அவற்றின் முடிவுகளுக்கு விளையாட்டுப் பக்கத்தில் சிறிது இடம் கொடுங்கள். பள்ளிகளுக்கிடையிலான போட்டிச் செய்திகளில், நடுவில் களமிறங்கிய பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தோ பாயோ