நாயும் கோழியும் ஒரே கொல்லையில்

மெல்பர்ன்,
அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டு, கொல்லைப்புறம் பச்சை பிடித்துவிட்டது. அத்தான் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கப் போகிறார், கோழிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இந்த ஊரில் நாய், பூனை, கோழி மூன்றையும் ஒன்றாக வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறதென்று விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்க் கோழி நாயைக் கண்டால் கூரைக்கோ வேப்பமரத்துக்கோ பறந்துவிடும். இங்கே நாலு பக்கமும் ஆளுயரப் பலகை வேலி. வளர்ப்பது பெரும்பாலும் ஐசா பிரவுன் என்கிற முட்டைக் கோழி. கனத்த உடம்பு, நாட்டுக்கோழி மாதிரி எழும்பாது. அடை உட்காரும் குணமும் அதற்குக் குறைவு. அதனால் குஞ்சுகள் தாயில்லாமல் பெட்டியில் வளர்கின்றன. ஊரில் நாய்க்குட்டியின் மூக்கில் முதல் கொத்து கொத்திப் பாடம் சொல்வது தாய்க்கோழிதான். இங்கே அந்தப் பாடத்தை மனிதர்கள் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஓடி ஒளியும் இடத்தையும் அவர்களே செய்துவைக்கிறார்கள்: அடர்ந்த புதர், மார்பளவு உயரத்தில் ஒரு கழி, செங்கல் மேல் ஏற்றிய மரத்தட்டு. எந்த மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒன்றுதான் என்றால் அதுவே பொறியாகிவிடும்.

நாயைப் பழக்குவது வாரக்கணக்கான வேலை. முதலில் கோழிகள் கம்பிவலைக்குள், நாய் வெளியே கயிற்றில். நாய் கோழியைப் பார்த்தும் பதறாமல் நிற்கும் தூரம் ஒன்று உண்டு. அது பத்து மீட்டராக இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கோழியிடமிருந்து கண்ணை எடுத்து ஆளைப் பார்க்கிற அந்த நொடியிலேயே ஒரு துண்டு இறைச்சி. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை போதும். நாளாக ஆகத் தூரத்தைக் குறைக்கலாம். பிறகு வலைக்குள்ளேயே கூட்டிப்போய், ஐந்து மீட்டர் கயிறு தரையில் இழுபட விட்டு, அதன் நுனி கைக்கெட்டும்படி நிற்க வேண்டும். கோழி நடக்கும்போது அடங்கியிருக்கும் நாய் அது சிறகடித்தால் பாய்ந்துவிடலாம். ஆகவே கோழி ஓடும் நேரத்திலும் அடங்கினால்தான் தேறியதாகக் கணக்கு.

வால் ஆட்டுகிறதே, சிநேகமாகத்தான் இருக்கிறது என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். பார்க்க வேண்டியது வாலை அல்ல. வாய் மூடி, உடல் விறைத்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி வைத்த கண் வாங்காமல் நின்றால் அது வேட்டைப் பார்வை. உடனே திருப்பிக் கூட்டிப்போய்விட வேண்டும். ஒரு தடவை துரத்த விட்டால் அந்த ஓட்டமே அதற்குப் பரிசாகிவிடும், பிறகு இறைச்சித் துண்டுக்கு மதிப்பிருக்காது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்பார்கள். வீண் கொடுமை, நாய்க்கு அதில் எதுவும் விளங்குவதில்லை. தனித்தனியாகச் சாதுவாக இருக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால் வேட்டையில் இறங்கும் என்பதையும் மறக்காதே.

காவல் நாய்களும் இப்படித்தான். இந்த மாநிலத்தில் வார்ணம்பூல் கரையோரம் மிடில் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. நரி தின்று தின்று 2005-இல் அங்கே பத்துப் பென்குயின்கூட மிஞ்சவில்லை. 2006 முதல் மரெம்மா என்கிற இத்தாலிய ஆட்டுக்காவல் நாய்களை வைத்துக் காத்தார்கள். அந்தப் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் தன் கோழிகளை நரியிடமிருந்து அப்படித்தான் காத்துவந்தார், யோசனை அவருடையது. அந்த இனத்திலும் குட்டி ஒன்றரை, இரண்டு வயதாகும்வரை விளையாட்டுக்குத் துரத்தியே கோழியைக் கொன்றுவிடும்.

பூனை வளர்ந்த கோழியிடம் பெரும்பாலும் வாலாட்டாது. குஞ்சுகளை மட்டும் பத்து வாரம்வரை மூடிய வலைக்குள் வைக்க வேண்டும். பூனைப்பல் போட்ட காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும். ஆனால் அதன் வாயிலிருக்கும் கிருமியால் காயம் உள்ளே சீழ்பிடித்துக் கோழி செத்துப்போகும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடியைவிட எனக்குப் பயம் மருந்துகள்தான். கோழிச்செள்ளுக்கும் பேனுக்கும் கூட்டில் அடிக்கிற பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து நாய்க்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது, பூனைக்கோ நஞ்சு. நடுக்கம், வலிப்பு வந்து சாகும். அடித்த கூடு நன்றாகக் காயும்வரை பூனையை உள்ளே பூட்டி வை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிற செள் பூனையின் காதோரத்துக்கும் நாயின் முகத்துக்கும் தாவும், ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். அவரவர்க்கு உரிய மருந்து தனித்தனி. குஞ்சுத் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். நாய் அதை அள்ளித் தின்றால் பின்னங்கால் விழுந்துபோகும். மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் வை. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்கு மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்று பூனையும் நாயும் கோழியும் பாதிக்கப்படும். சாயங்காலம் தீவனத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. கோழி எச்சத்தை நாய் நக்கும். அதிலிருக்கும் சால்மோனெல்லா என்கிற கிருமி நாயின் வயிற்றுக்குப் போய், பிறகு பிள்ளைகளின் கைக்கு வரும். கூடு கூட்டும்போது நாயை வெளியே நிறுத்து.

முயலையும் கினிப்பன்றியையும் கோழியோடு விடவே கூடாது. கொத்தும், நோயும் பரவும்.

நரியைச் சொல்லாமல் இந்த ஊரை எழுத முடியாது. வேட்டைக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு நகரத்துத் தெருவிலேயே திரிகிறது. இப்போது குட்டிக்கு இரை தேடிப் பகலிலும் வரும். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நரியையும் நாயையும் நிறுத்தாது, பல்லால் கிழித்துவிடும். பற்றவைத்த கம்பிவலை வேண்டும். அதன் அடியில் அரை மீட்டர் வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து ஆணியடித்தால் தோண்டுவதற்கும் வழியில்லை. அத்தானுக்கு இதைப் படித்துக் காட்டு, கீரிக்கும் உதவும்.

சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த இனம் அக்கா. ஓடுவதைப் பிடிப்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. எட்டு வாரக் குட்டியாகவே வாங்கி மேலே எழுதியபடி பழக்கலாம். ஆனாலும் ஆளில்லாத நேரத்தில் கோழியோடு விடாதே, எத்தனை வயதானாலும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தால் மேலே ஒரு அம்மிக்கல் கனத்துக்குக் கல் வை. குட்டி மூக்கால் முட்டியே புரட்டிவிடும். கொல்லையின் நீள அகலத்தை அளந்து அனுப்பு, எவ்வளவு வலை வேண்டுமென்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி