டவுன் ஹால் ரோட்டிலிருந்து கௌசிக்கு

மதுரை

அன்புள்ள கௌசி,

இங்கே அனைவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது; இவருக்கு மறதி கூடியிருக்கிறது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல, கோபம்தான் காரணம். “பிள்ளைகளைக் கெடுக்கிற வீடியோ கேம்களை விற்றுவிட்டு எப்படியடி நிம்மதியாகத் தூங்குகிறாய்?” என்று நீ கேட்ட தொனி, விடுதி வார்டன் முன்னால் என்னைத் தனியாக நிறுத்திவிட்டு நீ மட்டும் நெற்றி நிறையத் திருநீறுடன் நின்றாயே, அந்த நாளின் தொனியேதான். ஆசிரியை ஆனவர்கள் எல்லாருமே இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது. இன்னும் சில நாள் கோபித்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் கடையில் ஒன்று நடந்துவிட்டது.

சென்ற வாரம் மாலையில், டவுன் ஹால் ரோட்டில் நடக்கவே இடமில்லாத நேரத்தில், ஒருவர் உள்ளே வந்து கல்லா மேசைமீது ஒரு கேம் சிடியைப் பொத்தென்று போட்டார். அவருடைய மகனுக்குப் பத்து வயது. அரையாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்ததற்காக அவர் வாங்கிக் கொடுத்த பரிசு அது. அவர் மனைவி துணி மடித்து வைக்க அறைக்குள் போனபோது திரையில் எதைப் பார்த்தார் என்பதை என்னிடம் சொல்ல வாய் வராமல் அவர் திணறினார், பிறகு அந்தத் திணறலே ஆத்திரமாக மாறி, “இப்படியெல்லாம் இருக்கும் என்று சொல்லி விற்க வேண்டாமா?” என்று கடை அதிரக் கத்தினார். அவர் வாங்கிய அன்றே, “சார், இது பெரியவர்கள் விளையாடுவது, தம்பிக்கு அந்தக் கார்ப் பந்தய கேமை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று நான் சொன்னேன். “கேம்தானே மேடம், பையன் ஆசைப்படுகிறான்” என்று சிரித்துக்கொண்டே கார்டை நீட்டியவரும் இதே மனிதர்தான்.

நான் வாதாடவில்லை, அட்டையை மட்டும் எடுத்துக் காட்டினேன். முன்பக்கத்தின் கீழ் மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் 18 என்று போட்டிருந்தது. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “பதினெட்டு லெவல் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்” என்றார். கௌசி, சிரிக்காதே. எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவர் முகத்தில் துளிகூட நடிப்பு இல்லை.

நம் ஊருக்கு வரும் சிடிகளில் பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள் 2003இல் கொண்டுவந்த பெகி என்ற வயதுக் குறிதான் இருக்கிறது. 3, 7 என்றால் பச்சை, 12, 16 என்றால் ஆரஞ்சு, 18 என்றால் சிவப்பு. அட்டையின் பின்பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும்: அடிதடி என்றால் முஷ்டி, போதைப்பொருள் என்றால் ஊசி, சூதாட்டம் என்றால் தாயக்கட்டை. ஆங்கிலம் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று செய்த ஏற்பாடு. சினிமாவுக்கு இருப்பதுபோல் நம் நாட்டில் கேம்களுக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. ஆகவே இந்தக் குறியைப் பார்த்து விற்க வேண்டும் என்று எனக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தனியாக வருகிற சிறுவனுக்குச் சிவப்புக் குறி போட்டதை நாங்கள் கொடுப்பதில்லை. அப்பாவே கூட வந்து, தெரிந்தே பணத்தை நீட்டும்போது நான் எத்தனை தூரம்தான் அவர் கையைப் பிடித்துத் தடுப்பேன் என்று நீயே சொல்.

இதே மனிதர் அந்தப் பையனை ‘ஏ’ படத்துக்குக் கூட்டிப் போவாரா? போகமாட்டார்; போனாலும் டிக்கெட் கிழிப்பவர் விடமாட்டார். 18 வயது நிரம்பாதவரை அந்தப் படத்துக்கு அனுமதிக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த விஷயம். 1983இல் ‘யுஏ’ என்ற சான்றிதழும் வந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி அதையும் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த ‘யுஏ’வின் பொருளே, இனிமேல் முடிவு செய்ய வேண்டியவர் பெற்றோர் என்பதுதான். இணையத்தில் படம் காட்டும் நிறுவனங்களும் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. பூட்டைத் தந்துவிட்டார்கள்; எத்தனை வீடுகளில் அதைப் பூட்டியிருக்கிறார்கள்?

அரசாங்கமே எல்லாவற்றையும் தடை செய்தால் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேமைத் தடை செய்தபோதும் இப்படித்தான் எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்தத் தடை பிள்ளைகளுக்காகப் போட்டதே அல்ல. நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 118 செயலிகளை முடக்கிய உத்தரவில் அதுவும் ஒன்று. பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022இல் அதுவும் முடக்கப்பட்டது. பப்ஜியோ பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021இல் வந்து, மறு ஆண்டு நின்று, 2023இல் மீண்டும் வந்தபோது, 18 வயது நிரம்பாதவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. வயது கேட்கும் இடத்தில் பையன் பதினெட்டுக்கு மேல் என்று தட்டிவிட்டால் அந்த வரம்பு யாரைக் கட்டுப்படுத்தும்? கடைக்குப் பழுது பார்க்க வருகிற பிள்ளைகளின் போன்களைத் திறந்து பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அப்பாவின் ஜிமெயிலில்தான் இருக்கின்றன. கூகுளைப் பொறுத்தவரை, மதுரையில் இரவு பகலாகச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள்.

பிளே ஸ்டோரிலேயே வயது வரம்பு வைத்துப் பின் நம்பர் போட்டுப் பூட்டலாம் என்று கல்லாவில் நின்றபடியே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவர் நம்பரைத் தான் மறந்துவிடக்கூடும் என்று மகனிடமே சொல்லி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவரை என்ன செய்வது?

உன்னோடு வாதாட வேண்டுமே என்று கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அமெரிக்காவில் 1993இலேயே இது செனட் வரைக்கும் போய், அடுத்த ஆண்டு கேம் நிறுவனங்களே கூடி வயதுக் குறி போடும் அமைப்பை உண்டாக்கின. பிறகு கலிபோர்னியா மாகாணம் வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. இத்தகைய கேம்களால்தான் பிள்ளைகள் வன்முறையாளர்கள் ஆகிறார்கள் என்பது நிரூபணமாகவில்லை என்றும், பிள்ளைகளுக்குச் சொல்லும் பழைய தேவதைக் கதைகளிலேயே இரத்தம் கொட்டுகிறது என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பெண் தன் மார்பைத் திருகி எறிந்து ஊரையே எரித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஐந்து வயதில் ஆச்சி அதை நமக்குச் சொன்னபோது கால் சிலம்பும், அநியாயத் தீர்ப்பும், எரிகிற ஊரும் இருந்தன. மற்றவை பின்னால் மெல்ல மெல்ல வந்தன. சொல்கிறவருக்குக் கேட்கிறவரின் வயது தெரிந்திருந்தது; எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தக் கேள்விக்குப் பேச்சை மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்த சிடிக்குத் தன் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. துப்பாக்கியைவிட எனக்குக் கவலை தருவது, அதில் பெண்களை நடத்துகிற விதத்தைப் பார்த்துவிட்டு, “இது ஏன் இப்படி?” என்று கேட்பதற்கு அந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான். (சீரியலில் விஷம் வைப்பதைப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற அத்தையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, கடிதத்தை அவர் படித்துவிடுவார்.)

இப்போது உன் பக்கம் வருகிறேன், காதைக் கொடு. சிவப்புக் குறி போட்ட சிடிகள் எப்போது அதிகம் போகின்றன தெரியுமா? தீபாவளிக்கு அல்ல, பொங்கலுக்கு அல்ல. தேர்வு முடிவு வரும் வாரங்களில். அப்பாவின் கையில் ரேங்க் கார்டின் படம் இருக்கும். வாட்ஸ்அப்பில் எனக்குக் காட்டுவார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் எதைக் கேட்டாலும் அது நியாயம் ஆகிவிடுகிறது. பையன் யாரோடு டியூஷனுக்குப் போகிறான், மத்தியானச் சாப்பாட்டில் எதை மிச்சம் வைத்தான், அறிவியலில் அரை மார்க் எங்கே போயிற்று என்று எல்லாம் தெரிந்த அப்பாக்கள், அவன் கேட்கிற கேமின் பெயரைக்கூட என்னிடம் சரியாகச் சொல்லத் தெரியாமல், “டேய், அது என்னடா?” என்று அவனையே கேட்கிறார்கள். வயதைப் பார்ப்பதில்லை, மார்க்கைப் பார்க்கிறார்கள். சுமாராகப் படிக்கிற பையனிடம், “முதலில் படி” என்று சொல்லியாவது மறுத்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிறவனிடம் மறுக்க இவர்களுக்கு வார்த்தையே கிடைப்பதில்லை. உன் வகுப்பில் நீ கவலைப்படுவது கடைசி வரிசையைப் பற்றி. என் கடையிலிருந்து பார்த்தால் கவலைப்பட வேண்டியது முதல் வரிசையைப் பற்றி.

அந்த மனிதருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இவருக்கு அதில் வருத்தம், போகட்டும். மனைவியோடு வந்தால் பையனின் போனையும் பிளேஸ்டேஷனையும் அவன் பெயரில், அவன் வயதில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை இருவருமே வந்தார்கள், பையனும் வந்தான். பிறந்த ஆண்டைச் சரியாகப் போட்டதும் போனில் இருந்த கேம்களில் பாதி மறைந்துவிட்டதைப் பார்த்து அவன் என்னை ஒரு முறை முறைத்தான்; உன் சின்னவளின் முறைப்பு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

உங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும் என்று கடைசி வரியில் ஒரு கட்டளை போட்டிருக்கிறாய். வருகிறேன். ஆனால் மேடையும் பொன்னாடையும் வேண்டாம். வருகிறவர்கள் பிள்ளைகள் கையில் இருக்கிற போனைக் கொண்டுவர வேண்டும், தங்கள் போனை அல்ல. அதை அறிவிப்பிலேயே போட்டுவிடு. எனக்கு ஒரு மேசை, இரண்டு பிளக் பாயிண்ட், வரிசையை ஒழுங்குபடுத்த உன் குரல், இவை போதும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கடையை இவர் பார்த்துக்கொள்வார். தேதியைச் சீக்கிரம் எழுது. சிவகாசிக்குப் பஸ்ஸில்தான் வருவேன், ஜன்னலோர சீட்டு எனக்குத்தான்.

உன்,
வசந்தி