ஒரு பிரதி இங்கே இருக்கட்டும்

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலாம். ஊர்ச் செய்திகள் இருக்கின்றன, எழுதத்தான் மனம் ஓடவில்லை.

வியாழக்கிழமை இரவு நீ பேசியதிலிருந்து உன் லேப்டாப் நினைவாகவே இருக்கிறேன். கீழே விழுந்துவிட்டது என்றாய். மேசைமேல் இருந்தது எப்படி விழுந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. திரையை மட்டும் மாற்றினால் போதும் என்று ரிப்பேர்க்காரர் சொன்னது நல்லதாயிற்று. உள்ளே இருக்கும் டிஸ்க் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்? உன்னை நம்பி அத்தனை கடைக்காரர்கள் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்?

"எல்லாம் இணையத்தில் கூகுள் டிரைவில் இருக்கிறது அப்பா, அவர்தான் போட்டு வைத்திருக்கிறார்" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். லேப்டாப்பில் உள்ள ஃபோல்டர் தானாக டிரைவுக்குப் போய்ச் சேர்வது பேக்கப், அதாவது தனியாக எடுத்துவைத்த பிரதி, ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கைதவறி அழித்தாலும் அப்படித்தான், யாராவது வேண்டுமென்றே அழித்தாலும் அப்படித்தான். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். அந்த 30 நாளும் ஆபத்து வந்ததே உனக்குத் தெரியாவிட்டால்? இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் மின்னஞ்சல், புகைப்படம், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கல்யாணப் படங்களே அதில் பாதியை அடைத்திருக்கும்.

அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஓடிபி யார் போனுக்கு வருகிறது? மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர், இதெல்லாம் அறிந்தவர், உனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் செய்து கொடுத்திருப்பார். ஆனாலும் தொழில் உன்னுடையது. கடைக்காரர்கள் கேள்வி கேட்கப்போவது உன்னைத்தான். உன் பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கு, உன் போன் எண்ணைக் கொடு. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து தருவார்கள், போன் கையில் இல்லாதபோது அவற்றில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். அதைத் தாளில் அச்சடித்து எடுத்து வை. எந்தெந்தக் கருவிகளில் உன் கணக்கு திறந்திருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும், உனக்கு வேண்டாததை அப்போதே வெளியேற்றிவிடு. வாலாஜா அத்தையின் பீரோ சாவி விஷயம் உனக்குத் தெரியும். நான் மறுபடி அதை எழுதவில்லை.

நான் வாழ்நாள் முழுக்கப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவன். பத்திரத்தின் மூலம் உரியவர் கைக்குப் போகும், நகல் அலுவலகப் புத்தகத்தில் நிற்கும். வீடு எரிந்தாலும், அண்ணன் தம்பி சண்டையில் பத்திரத்தைக் கிழித்துப் போட்டாலும், மனுப் போட்டு நகல் வாங்கிக்கொண்டு போவார்கள். நகல் வேறொரு கூரையின் கீழ் இருந்ததால் தப்பிய குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கும் இதுதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். உனக்கு லேப்டாப் ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று, உன் பெயரிலுள்ள டிரைவ் ஒன்று. டிரைவே வேறு இடம்தானே என்பாய். கடவுச்சொல் தெரிந்த எவருக்கும் அது பக்கத்து அறைதான்.

பென் டிரைவை நம்பாதே. கொண்டுபோய்க் கொடுக்க அது சரி, வருடக்கணக்கில் வைத்திருக்க ஆகாது. வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கு. வேலை முடிந்ததும் கழற்றி வை, செருகியபடியே விடாதே. 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயின் கேட்டார்களே, அந்த மாதிரி வைரஸ் கூடவே செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டும் ஒரே மேசையில் இருந்தாலும் பயனில்லை. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் குடியாத்தத்தில் கௌண்டின்ய ஆறு ஊருக்குள் வந்ததே, அப்போது நம் பழைய வீட்டுப் பக்கத்து மண்டிக்காரர் கம்ப்யூட்டரையும் பேக்கப்பையும் ஒரே மேசையில்தான் வைத்திருந்தார். தண்ணீர் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கடன் பாக்கி யாரிடம் எவ்வளவு என்று வாய்மொழியாக விசாரித்துக்கொண்டு அலைந்தார். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை.

ஆகையால் ஒரு டிஸ்க் உன்னிடம், ஒரு டிஸ்க் இங்கே. கொரியரில் அனுப்பாதே. அதில் கடைக்காரர்களின் பான் எண், வங்கி விவரமெல்லாம் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு நீயே கொண்டு வா. மாதம் ஒரு முறை வந்தால் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போகலாம். கோயம்புத்தூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலுக்கா பஞ்சம்? பொங்கலுக்குத் தனியாக வந்தாய், மறுநாளே கிளம்பிவிட்டாய். வேலை என்றாய். வேலை இருப்பது எங்களுக்குப் பெருமைதான். காட்பாடி கடைத்தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் "உங்கள் பெண்ணிடம்தான் கணக்கு கொடுக்க வேண்டும், அங்கே போய்விட்டதே" என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

வெறுமனே நகல் எடுத்துவிட்டால் போதாது, திரும்பத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீ கணக்கு எழுதும் டேலி மென்பொருளை மூடிவிட்டுப் பிரதி எடு. சோதிக்கும்போது பழைய ஃபோல்டரின் மேலேயே திரும்ப ஏற்றாதே, இருப்பதையும் அழித்துவிடும், வேறொரு ஃபோல்டரில் ஏற்று. ஒரு கடையின் சென்ற மார்ச் விற்பனைத் தொகை சரியாக வருகிறதா என்று பார். இங்கே வந்தபின் மாடி அறையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். குடியிருந்தவர்கள் சென்ற மாதம் காலி செய்துவிட்டார்கள். வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். இணைய இணைப்பும் கொடுத்தாகிவிட்டது.

மறுபடி சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. உன் பெயரில், உன் எண்ணில், உன் கையில். இதைப் படித்ததும் அவரிடம் காட்ட வேண்டும் என்பதில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஹார்ட் டிஸ்க் வாங்கப் பணம் போட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் அல்ல. கல்லூரியில் படிக்கும்போது வேலூரில் தொடங்கினாயே, அந்தக் கணக்கில். டிஸ்க்குக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கும், டிக்கெட்டுக்கும் அதிலேயே எடுத்துக்கொள். பாஸ் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.