சூரனின் தலைகளைப் பார்த்த பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்துப் பாடசாலைகளில் சமயக் கல்வியைப் படிப்படியாகத் தேசியப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பேராசிரியர் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான மீளாய்வுக் குழு 2025 நவம்பரில் பரிந்துரைத்தது. இங்குள்ள தமிழர்களாகிய எம்மவர் மத்தியில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 'நல்லதுதானே, நாடு முழுக்க ஒரே பாடம்' என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பாடத்தை அந்தந்த ஊரே தீர்மானிக்கும் முறை கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சமய பாடம் என்றதும் எங்களில் பலருக்கு இலங்கையில், ஊரில் படித்த சைவநெறிப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். சைவப் பிள்ளைக்குச் சைவம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். மணி அடித்ததும் ஆளுக்கொரு வகுப்பாகப் பிரிந்து போவோம். இங்கே அப்படி இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து பல சமயங்களைப் பற்றியும் படிக்கிறார்கள். கவுன்சில் பாடசாலைகளில் எதைப் படிப்பது என்பதை முடிவு செய்வது கல்வி அமைச்சு அல்ல, உள்ளூரில் கூடும் ஒரு மாநாடு. அது ஏற்றுக்கொள்ளும் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஒப்புக்கொண்ட பாடத்திட்டம்'தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் பழைய சண்டை ஒன்று உண்டு. ஆங்கிலிக்கன் சபைக்கும் மற்றக் கிறிஸ்தவ சபைகளுக்கும் பாடசாலைக்குள் யாருடைய போதனை என்பதில் பல காலமாக ஒத்துவரவில்லை. 1924இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் எல்லோரும் உட்கார்ந்து பேசி உருவாக்கிய பாடத்திட்டம் மற்ற ஊர்களுக்கும் வழி காட்டியது. ரிச்சர்ட் பட்லர் கொண்டுவந்த 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அப்படி உட்கார்ந்து பேசுவதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு உள்ளூராட்சியும் சமயக் கல்விக்கு 'சாக்ரே' (SACRE) என்ற நிலையான ஆலோசனைக் குழுவை வைத்திருக்க வேண்டும் என்றது. புதிய பாடத்திட்டங்கள் கிறிஸ்தவத்தோடு இந்நாட்டிலுள்ள மற்ற முக்கிய சமயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அந்தச் சட்டம்தான். எங்களுக்கு நாற்காலி கிடைத்தது அப்படித்தான்.

மாநாட்டில் வாக்களிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஒரு குழு, மற்றக் கிறிஸ்தவ சபைகளும் ஏனைய சமயங்களும் சேர்ந்து ஒரு குழு, ஆசிரியர் சங்கங்களுக்கு ஒன்று, கவுன்சிலுக்கு ஒன்று. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வாக்கு, நான்கும் சேர்ந்தால்தான் பாடத்திட்டம் நிறைவேறும். ஆட்பலத்தால் யாரும் யாரையும் மடக்க முடியாது. ஒருவர் முகம் சுளித்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சாக்ரேயிலும் இதே நான்கு குழுக்கள்தான்; எங்கள் பகுதியின் சாக்ரேயில் நான் சில வருடங்களாக இருக்கிறேன். சமயங்கள் இவ்வளவு பொறுமையாக ஒன்றையொன்று கேட்கும் அறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு தாள். என் மகள் அப்போது நான்காம் ஆண்டில் இருந்தாள். தீபாவளிக்கு இந்துக்கள் ஏன் விளக்கேற்றுகிறார்கள் என்று தாளில் கேள்வி. அம்மம்மா சொல்லிக் கொடுத்தபடி நரகாசுரன் கதையை எழுதிவிட்டு வந்தாள். பச்சைப் பேனாவால் அதைச் சுழித்து, பக்கத்தில் 'ராமர், சீதை?' என்று எழுதியிருந்தது. ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன், நல்லவர். அது ஒரு அகடமிப் பாடசாலை, அதாவது அரச பணத்தில் நடந்தாலும் கவுன்சிலின் கீழ் வராத பாடசாலை. அகடமிகள் சமயக் கல்வி நடத்தியாக வேண்டும், ஆனால் ஊரின் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பாடத்தில் அந்த ஒரு கதைதான் இருந்தது. மகள் அம்மம்மாவிடம் போய், "நீங்க சொன்னது பிழையாம்" என்றாள். என் அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

தூரத்திலிருந்து ஒரே பாடத்தை எழுதினால் இப்படித்தான் நடக்கும். கெட்ட எண்ணம் ஏதும் வேண்டியதில்லை. இந்து சமயத்துக்கு இரண்டு பக்கம் என்று ஒதுக்கினால் அந்த இரண்டு பக்கத்தில் முருகன் வரமாட்டார். ஆனால் லண்டனில் ஆர்ச்வே ரோட்டில் இருக்கிறார், ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிறார். அந்த வீதியால் தினமும் நடக்கும் பிள்ளைகள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். வடமேற்கு லண்டனிலுள்ள ஹாரோவில் 2021 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 25.8 பேர் இந்துக்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலில் நிலைமை முற்றிலும் வேறு. அங்குள்ள பாடத்திட்டம் அந்த மண்ணுக்கே உரிய சமய மரபுகளுக்கு இடம் வைத்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே சட்டையைத் தைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

சென்ற நவம்பரில் பக்கத்துக் கவுன்சில் பாடசாலையிலிருந்து ஒரு வகுப்பு கோயிலுக்கு வந்தது. எங்கள் பாடத்திட்டம் அருகிலுள்ள வழிபாட்டிடங்களுக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறது. சூரன்போர் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஐயர் பிள்ளைகளைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனார். சூரனின் மரத்தலைகள் வரிசையாகத் துணி சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினார்: யானை முகம், சிங்க முகம், மீசை முறுக்கிய சூரபத்மன். கடைசியில் மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்ததையும், ஒரு பாதி சேவலாகி முருகனின் கொடிக்கும் மறுபாதி மயிலாகி வாகனத்துக்கும் போனதையும் சொன்னார். ஒரு சோமாலியப் பையன் கையை உயர்த்தி, "அப்படியென்றால் அவனைக் கொல்லவில்லையா? கூடவே வைத்துக்கொண்டாரா?" என்று கேட்டான். ஐயர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். பையன் கொஞ்ச நேரம் அந்த மயிலையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பிள்ளை ஒருத்தி, வழக்கமாக வகுப்பில் வாயே திறக்காதவள் என்று ஆசிரியை சொன்னார், அன்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் நவக்கிரகத்தை விளக்கினாள். அடுத்த தவணையில் அதே வகுப்பு பள்ளிவாசலுக்கும், தமிழில் பூசை நடக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் போனது.

சரி, இந்த முறையில் ஓட்டை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஊருக்கு ஊர் தரம் ஏறி இறங்குகிறது. சில பாடசாலைகள் இந்தப் பாடத்தை ஒப்புக்குத்தான் நடத்துகின்றன. வீடு மாறிப் போகும் பிள்ளை படித்ததையே திரும்பப் படிக்க வேண்டி வருகிறது. ஆகவே நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச அடித்தளம் வரட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் மேல் எதைக் கட்டுவது என்பது ஊரின் கையில் இருக்க வேண்டும், அகடமிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சாக்ரேக்களுக்கு உரிய பணமும் வேண்டும். எங்கள் குழுவின் வேலையில் பாதியைத் தன்னார்வலர்கள் இரவில், சமையலறை மேசையில் இருந்து செய்கிறோம்.

அப்புறம், எம்மவரிடம் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் இந்துக்களுக்கான நாற்காலி காலியாகக் கிடக்கிறது. கோயில் நிர்வாகங்கள் தேருக்கும் திருவிழாவுக்கும் காட்டும் அக்கறையில் ஒரு துளியை இதற்கும் காட்டி, ஆங்கிலம் நன்றாகப் பேசும் இளைஞர் ஒருவரை அனுப்பலாம். உறுப்பினராக வர நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. சாக்ரே கூட்டங்கள் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தவை. பெரும்பாலும் தவணைக்கு ஒன்று நடக்கும், தேதி கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். எங்கள் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் பல தடவை ஒருவர்கூட இருப்பதில்லை. பெற்றோரே, ஒருமுறை வந்து உட்காருங்கள். பிள்ளையின் பையில் அப்படியொரு தாள் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வடமேற்கு லண்டன்